ஆ பிரிவு

அறிவிப்புப் பலகையில் ஒட்டிய தாள்
மதியத்துக்குள் ஈரம் குடித்துச் சுருண்டிருந்தது.
மாதேவி நகத்தால் நீவிப் பிடிக்க, நான் படித்தேன்:
மலை மண்டலம் கலைக்கப்படுகிறது.
கல்லூரி அணிகள் கீழ் மாவட்டங்களோடு இணையும்.
ஊட்டி, குன்னூர்: அ பிரிவு.
கோத்தகிரி: ஆ பிரிவு.
கூடலூரைத் தட்டச்சில் விட்டுவிட்டார்கள்.
அவர்கள் ஹாக்கி ஆடுகிறார்களா இல்லையா என்பது
மார்ச் வரை முடிவாகவில்லை.

ஆ என்றால் பசு, ஒன்றாம் வகுப்புப் பாடம்.
எங்கள் மைதானத்தில் அது காட்டெருமை.
போன வருடம் குன்னூரோடு ஆடும்போது
இருபத்தெட்டாம் நிமிடம்
தேயிலைக்குள்ளிருந்து இறங்கி என் கோல் முன்னால் நின்றது.
வெள்ளைக் காலுறை போட்டிருந்தது,
எங்களில் பாதிப் பேருக்கு இல்லாதது.
நடுவர் விசிலை வாயில் வைத்தபடியே இருந்தார், ஊதவில்லை.
நாற்பது நிமிடம், இரண்டு அணியும் ஒரே தார்ப்பாய்க்குள்.
என் பக்கத்தில் ஜெசிந்தா,
குன்னூரின் சென்டர் ஃபார்வர்டு,
அதற்கு முந்தைய வருடம் என் முன்பல்லில் ஓரமாய்க் கொஞ்சம்
எடுத்துக்கொண்டு போனவள்.
"இன்னும் வலிக்குதா?"
"குளிர்ல மட்டும்."
சுற்றிலும் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

புதிய அட்டவணையில் ஒன்பது ஆட்டம்.
எட்டு கீழே.
ஈரோடு காலை ஏழு, திருப்பூர் ஏழரை.
போட்டவர் வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்திருப்பார்.
ஸ்கேல் வாந்தி எடுக்காது.
மேலே வரவேண்டிய ஒரே அணி
மண்சரிவு அபாயம் என்று கடிதம் அனுப்பிவிட்டது,
வெயில் காயும் பிப்ரவரி ஆட்டத்துக்கு,
அக்டோபரிலேயே.

முதல் ஆட்டத்துக்கு ஆளுக்கொரு எலுமிச்சம்பழம்.
குஞ்சப்பனை தாண்டும்போது காது அடைத்தது.
அங்கே புல் இல்லை, நீலக் கம்பளம்.
எங்கள் ஊர்ப் பந்து ஈரத்தில் இழுத்து இழுத்து
வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு வரும்.
இது சொல்லாமல் வந்தது.
ஏழு கோல் வாங்கினேன்,
நான்கு, காது அடைத்திருந்தபோது;
மூன்று, திறந்த பிறகு.

டிசம்பர் இரண்டாம் சனி எப்போதும் குன்னூருக்கு.
இந்த முறை அந்தக் கட்டத்தில் "ஓய்வு" என்றிருந்தது.
சும்மா மைதானத்துக்குப் போனேன்.
யாரும் சொல்லாமலே ஆல்துரை
சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்திருந்தார்.
"மறந்துட்டேன் பாப்பா" என்றவர்
வாளியில் மிச்சமிருந்ததை
பெனால்டி புள்ளிமேல் கவிழ்த்துவிட்டுப் போனார்.

ஜனவரியில் திருப்பூருக்கு.
இரண்டே முக்காலுக்குப் பஸ். ஓட்டுநர் போஜன் அண்ணன்
வளைவுக்கு வளைவு கொட்டாவி விட்டார்.
மேட்டுப்பாளையத்தில் டீக்கு நிறுத்தியபோது
பர்லியார் வழியாக இறங்கிய இன்னொரு பஸ் நின்றிருந்தது.
ஸ்வெட்டரை இடுப்பில் கட்டிக்கொண்டு
வரிக்கியை டீயில் நனைத்துக்கொண்டிருந்தவள்
என்னைப் பார்த்ததும் கேட்டது:
"எத்தனை வாங்கின?"
"இதுவரைக்கும் இருபத்தொண்ணு."
"நாங்க போட்டதே மூணுதான்டி."

மட்டையை யார் முதலில் இறக்கியது என்று தெரியவில்லை.
பஸ் நிற்கிற சிமெண்ட் தரை, மஞ்சள் விளக்கு,
கவிழ்த்த பால் கேன்கள் இரண்டு கோல் கம்பம்.
பேட் கட்ட நேரமில்லை.
டீக்கடைக்காரர் பால் கேனுக்குக் கத்திவிட்டு
அப்புறம் தானே நடுவரானார்.
ஆறு பேருக்கு ஆறு பேர், பத்து நிமிடம்.
ஜெசிந்தா அடித்த ஒன்றை வெறும் முழங்காலால் தடுத்தேன்.
இன்னொன்று கேன்மேல் பட்டதா உள்ளே போனதா என்று
சண்டை தீரும் முன்பே
இரண்டு ஓட்டுநர்களும் ஹாரன் அடித்தார்கள்.

கொஞ்ச தூரம் அவர்கள் பஸ் முன்னால், நாங்கள் பின்னால்.
கண்ணாடியில் யாரோ ஆவி ஊதி
1–0 என்று எழுதினார்கள், எங்களுக்குத் தலைகீழாக.
"கேன்ல பட்டுச்சு" என்று மாதேவி ஜன்னலுக்கு வெளியே கத்தினாள்.
அன்னூர் பிரிவு, மஞ்சள் பலகை.
நாங்கள் இடப்பக்கம் திரும்பினோம்.
முழங்கால் வீங்க ஆரம்பித்திருந்தது.
ஏழரைக்கு ஆட்டம்.