ஐந்தாம் பாகம்

பாலிக் புலாவ் ஏற்றத்தில் ஒரு டுரியான் கடை.
நான்கு பேர், இரண்டு கார், இரவு பத்தரை.
எட்டாம் பாகத்தின் முன்னோட்டம் வெளிவந்து
ஆறு மணி நேரம்தான் ஆகிறது.
அதற்குள் அப்சல் தீர்ப்பு எழுதிவிட்டான்:
"செத்துப்போச்சு லா, சாம்பல்கோட்டை."

இப்படித்தான் நான்காவதைப் புதைத்தான்.
ஆறாவதைப் புதைத்தான்.
ஏழாவதை இரண்டு தடவை.
ஒவ்வொரு பிணத்துக்கும்
வெளியான அன்றே வரிசையில் நின்று
முழு விலை கொடுத்தவனும் அவன்தான்.

எங்களுக்குள் சில சட்டங்கள் உண்டு.
முதல் பாகத்தைக் குறை சொல்லக் கூடாது:
அப்போது எங்களுக்குப் பதினொரு வயது,
பள்ளி விடுமுறை, யாருக்கும் கடன் இல்லை.
முதலாவதைவிட இரண்டாவது மேல் என்பான் கெல்வின் ஓங்,
சொல்லிவிட்டுச் சுற்றிலும் பார்த்துக்கொள்வான்.
ஐந்தின் பேச்சை எடுத்தால் மட்டும்
மேசை இரண்டாகும்.

ஐந்தில் வாள் இல்லை.
நான்கு பாகங்களாக நாம் வெட்டிச் சாய்த்தவர்களை
ஒவ்வொருவராகப் படகில் ஏற்றி
அக்கரை சேர்க்க வேண்டும்.
அவ்வளவுதான் ஆட்டம்.
துடுப்புக்கு ஒரு பொத்தான்.
அவர்கள் பேசுவார்கள், நாம் கேட்க வேண்டும்.

முதல் பாகத்துப் பாலக் காவலாளி,
நாற்பது முறையாவது நான் கொன்றவன்,
என் எதிரே உட்கார்ந்து தன் பெயரைச் சொன்னான்.
எனக்கு எரிச்சல் வந்தது.
மூன்று மணி பதினேழு நிமிடத்தில் நிறுத்தினேன்.
கொம்தாரில் இருபது ரிங்கிட்டுக்குத் தள்ளிவிட்டேன்.
துரோகம் என்ற சொல்லை
அந்த வருடம் நான் வேறெதற்கும் பயன்படுத்தவில்லை,
பயன்படுத்தியிருக்க வேண்டிய இடங்கள் இருந்தும்.

பன்னிரண்டு வருடத்தில் காற்று திரும்பிவிட்டது.
இப்போது ஐந்துதான் உச்சமாம்.
காலத்தை முந்தியதாம், நமக்குத்தான் புரியவில்லையாம்.
"நான் அப்பவே சொன்னேன்ல?" என்கிறான் அப்சல்.
சொல்லவில்லை.
டிஸ்க்கை மைக்ரோவேவில் வைத்துப்
பொறி பறக்கப் படம் பிடித்தவன் அவன்.

அப்போதே சொன்னவள் தர்ஷாயினி ஒருத்திதான்.
பன்னிரண்டு வருடத்துக்கும் சேர்த்து
மாலை போடுவதுபோல் கேட்டோம்:
"நீதான் சரி, இல்லையா?"

சுளையின் ஓரத்தை நக்கிக்கொண்டே சொன்னாள்:
"மோசமான கேம். கேமரா பாறையில போய் முட்டும்.
மூணாவது ஆத்துல படகு சிக்குனா
முதல்லேருந்து ஆரம்பிக்கணும்.
பாதி வசனம் தூக்கம் வரும்.
எனக்கு அப்போ பாயான் லெப்பாஸ்ல நைட் ஷிஃப்ட்.
காலையில வந்து படுத்தா தூக்கமே வராது.
யாரையும் அடின்னு சொல்லாத கேம்
வீட்டுல அது ஒண்ணுதான் இருந்துச்சு.
அதுக்காக நல்ல கேம்னு யார் சொன்னா?"

கெல்வின் கை கழுவப் போனான்.
இரண்டே தட்டு வைத்த எங்கள் தராசு
சும்மா ஆடிக்கொண்டிருந்தது.

கடைக்காரர் ஆ செங்
ஒரு பழத்தைக் காதோரம் குலுக்கினார்,
காம்பை நகத்தால் கீறி முகர்ந்தார்.
"இது கசக்கும்," என்றார் மலாயில்.
அதனால்தான் விலையும் கூட.
"திறந்து காட்டுங்க, பிடிக்கலன்னா வேற," என்றான் அப்சல்.
அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.
திறந்தால் உன்னுடையது.
அப்சல் திறக்கச் சொன்னான்.
பழம் வருவதற்குள், பிசுபிசுத்த விரலால்
எட்டாம் பாகத்துக்கு முன்பதிவும் செய்துவிட்டான்.

அவர்களிடம் நான் சொல்லாத ஒன்று:
போன வாரம் கொம்தாரில்
கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தார்கள் ஐந்தை.
நூற்றெண்பது ரிங்கிட்.
உறையின் மூலையில் மைலோ கறை.
என்னுடையதாகக்கூட இருக்கலாம்.
பேரம் பேசவில்லை.

நேற்றிரவு காவலாளியை மறுபடி ஏற்றினேன்.
அவன் பெயரை மறந்துவிட்டிருந்தேன்,
திரும்பவும் சொன்னான்.
நடு ஆற்றில் கேமரா பாறையில் முட்டி
திரை முழுக்க வெறும் சாம்பல் நிறம்.
குரல் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.
மூன்று மணி பதினெட்டாவது நிமிடம்.
பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை.