முப்பத்துமூன்று

தாளூர்ச் சோதனைச்சாவடியில்
ஐஸ் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள்.
மத்தி மீன் என்று நினைத்திருக்கலாம்.
உள்ளே பஞ்சு, பஞ்சுக்குள் ஆறு குப்பி,
குப்பிக்குள் அம்பலவயல் ரொபஸ்டாவின் மகரந்தம்,
அரிசி மாவு நிறத்தில், ஒரு சிட்டிகைக்கும் குறைவாக.
என்ன பொடி இது என்றார் காவலர்.
நான் வாய் திறப்பதற்குள் சினோஜ்,
'பூம்பொடி, சாரே.'
முகர்ந்து பார்த்துவிட்டு மூடினார்.

அங்கே மழை மூன்று நாள் முந்திவிட்டது.
எருமாட்டில் எங்களுக்கு மாசி கடைசியில்தான்,
மழைமானியில் இருபத்தேழு மில்லிமீட்டர்.
காப்பிச் செடி விரல் விட்டு எண்ணும்.
ஒன்பதாம் நாள் விடியலுக்கு முன்
மலை முழுக்க வெள்ளை.

எட்டாம் நாளே எங்கள் வேலை.
மொட்டு மெழுகுத்திரிபோல் நிற்கும்போது
இதழ்க்குழலைச் சற்றே திருகி இழுத்தால்
ஆண் பைகள் அதோடு ஒட்டிக்கொண்டே வந்துவிடும்.
நடுவில் சூல்தண்டு மட்டும், தனியாக.
நான் இடுக்கியால் நாற்பது முடிப்பதற்குள்
சோமி நகத்தால் நூறு முடித்திருப்பாள்.
வெண்ணெய்த்தாள் உறை, நூல், சீட்டு.
சீட்டில் தாய் பெயர்தான் முதலில்,
பெருக்கல் குறி,
அப்புறம் தந்தை.

அராபிகாவுக்கு நாற்பத்துநான்கு. ரொபஸ்டாவுக்கு இருபத்திரண்டு.
ஆளுக்குப் பாதி கொண்டுவந்து போட்டால்
பிள்ளைக்கு முப்பத்துமூன்று.
பள்ளிக்கூடக் கணக்குதான்.
உள்ளே பிரியும் நேரத்தில்தான் தகராறு,
பதினொன்று ஜோடியில்லாமல் நிற்கும்,
கடைசிப் பந்தியிலும் இலை கிடைக்காத
கல்யாண வீட்டு ஆட்கள்போல.

நாலாம் வருஷம் வேலியோர வரிசை பூத்தது.
நாற்பது மரம்.
பக்கத்து வரிசையில் இலையைப் புரட்டினால்
துரு சந்தனம்போல் விரலில் ஒட்டும்.
இதில் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன், சுத்தம்.
பூவுக்கும் குறைவில்லை. வாசனைக்கும்.
ஐப்பசி வரை காத்திருந்தோம்,
வெறும் கணு.

பதிவேட்டில் ஒரு கட்டம் உண்டு, அதில் போடுவதற்கு
ஒரு சொல்லும் உண்டு. 'ம' என்று தொடங்கினேன்.
சோமி எழுத்துக் கூட்டிப் படிப்பாள்.
'அதை எழுதாதே' என்றாள்.
'காய்க்கலைன்னு எழுது.'
அடித்துவிட்டு எழுதினேன்:
காய் இல்லை, இந்த வருஷம்.

பிடுங்கச் சொல்லித் தலைமை அலுவலகத்துக் கடிதம்
அடுத்த கார்த்திகையில் வந்தது.
கூலிக்கு ஆள் சொல்லியாகிவிட்டது,
மண்வெட்டிக்குப் பிடி போட்டாகிவிட்டது.
முதல் நாள் சாயங்காலம் சினோஜ் தொப்பியை ஏந்திக்கொண்டு வந்தான்.
நாற்பது மரத்திலும் தேடிப் பத்தொன்பது பழம்.
பல் துலக்கும் குவளையில் தண்ணீர் பிடித்துப்
பிதுக்கிப் போட்டோம்.
பொக்குக்கொட்டையெல்லாம் மேலே சுற்றியது.
நான்கு மூழ்கின.
மூன்று உடனே.
ஒன்று யோசித்துவிட்டு.

கடிதத்துக்குப் பதில் எழுத ஒரு வாரம் கேட்டேன்,
கொடுத்தார்கள், அதுவே பிறகு நீண்டது.
மணல் தட்டில் ஐம்பத்திரண்டாம் நாள்
ஒன்றே ஒன்று நிமிர்ந்தது,
தன் கொட்டையைத் தலையில் சுமந்தபடி.
யோசித்ததா, யோசிக்காததா,
தெரியவில்லை. குறித்து வைக்க மறந்துபோனேன்.

சீட்டு எழுதவேண்டும்.
தாய்: முப்பத்துமூன்று, வரிசை ஏழு.
தந்தை: காற்று,
இல்லையென்றால் கொம்புத்தேனீ,
இல்லையென்றால் வேலிக்கு அந்தப் பக்கம்
கேரளத்தில் நிற்கும் ஏதோ ஒன்று,
சாவடி வழியாக வராதது.

'இதுக்குள்ளே எத்தனை இருக்கும்?' என்றாள் சோமி.
எண்ணித்தான் பார்க்கணும்,
வேர்நுனியில் ஒரு மில்லிமீட்டர் வெட்டினால் போதும் என்றேன்.
'வெட்டினால் பிழைக்குமா?'
பிழைக்கும்.
பெரும்பாலும் பிழைக்கும்.
பிளேடைக் கழுவிக் கண்ணாடி வில்லைகளையும்
எடுத்து வைத்திருந்தேன்.
நாளைக்குப் பார்க்கலாம் என்றேன்.