சுழி

மூடிய பள்ளியின் வாகன நிறுத்தத்தில்
ஐந்து மடக்கு நாற்காலிகள்.
ஒன்றுக்கு முதுகு வார் தளர்ந்துவிட்டது,
உட்கார்ந்தவர் வானத்தைப் பார்த்தே ஆகவேண்டும்.
அதை எண்ணுகிறவருக்கு என்று ஒதுக்கிவிட்டோம்.

ஆகஸ்ட் பதினொன்று. தென்மேற்குக் காற்று.
சூரியன் விழுந்தது எட்டு முப்பத்து மூன்றுக்கு.
இதற்கெல்லாம் படிவத்தில் கட்டங்கள் உண்டு,
விரிகுடாவிலிருந்து வரும் மீன் ஆலையின் வாடைக்கு
இல்லை.

கூரைக்கு மேல் இரண்டாள் உயரச் செங்கல் புகைபோக்கி.
அதன் வாயையே பார்த்திருக்கிறோம்,
அடுப்பில் பால் வைத்தவர்கள் போல.
கண்ணை எடுத்த நொடியில் பொங்கிவிடும்.

முதலில் ஏழு.
பிறகு எங்கிருந்து என்று தெரியாமல் நூறு.
உழவாரன்கள்.
பெயர் வைத்தவன் கெட்டிக்காரன்:
பிடி கழன்ற வளைந்த இரும்பு
வானத்தில் புல் செதுக்கிக்கொண்டே போகிறது.
கிளையில் அமரத் தெரியாத கால்.
நாளெல்லாம் பறந்து களைத்து
தொங்குவதற்கு ஒரு சுவர் தேடி வருகின்றன.

வட்டம் கட்டுகின்றன. வட்டம் இறுகுகிறது.
தொட்டியின் அடைப்பைப் பிடுங்கியது போல
சுழித்துச் சுழித்து
ஒரு வானம் முழுக்கச் செங்கல் துளைக்குள் இறங்குகிறது.
செலியின் கட்டைவிரலில் எண்ணும் கருவி
டிக் டிக், டிக்டிக், டிக்டிக்டிக்டிக்
அப்புறம் தவளைக் கூட்டம்.

இருநூற்றுப் பதினான்கு, என்றாள்.
இருநூற்றுப் பதினொன்று, என்றான் பசீல்.
ரொட்டி வண்டி ஓட்டுகிறவன், எண்ணிக்கையில் கறார்.
"இரண்டு திரும்ப வெளியே வந்தன. ஒன்று வௌவால்."
அந்த வௌவாலுக்காக ஒரு வாரம் சண்டை.

லெயோன்ஸ் எண்ணுவதில்லை.
தேநீர்க் குடுவை அவர் பொறுப்பு.
இருபத்தாறு வருடம் இந்தப் பள்ளியின் கொதிகலனை மூட்டியவர்.
மேலே பார்க்கக்கூட மாட்டார்,
எங்கள் முகங்களைப் பார்த்து
நேற்றைவிடக் கூடவா குறைவா என்று சொல்லிவிடுவார்.

பத்தொன்பதாம் தேதி, தூறல்.
யாரும் கேட்காமலே சொன்னார்:
"ஒரு வருடம் அவை போகத் தாமதமாகிவிட்டது.
செப்டம்பர் மூன்று.
தலைமையாசிரியைக்குக் குளிர். மூட்டச் சொன்னாள்.
மேலே மழை வலுத்தது என்று நினைத்தேன், சத்தம் அப்படி.
மறுநாள் சாம்பல் கதவைத் திறந்தேன்."

குடுவையின் மூடியை இறுக்கித் திருகினார்.
அது முன்பே இறுகியிருந்தது.

பசீல் வௌவாலை விட்டுக்கொடுத்தான்.

கொஞ்ச நேரம் கழித்து லெயோன்ஸ்:
"பழைய வருடத்துக்குக் கட்டம் இருக்கிறதா?"
செலி படிவத்தை இப்படியும் அப்படியும் புரட்டி
"பின்பக்கம் காலியாக இருக்கிறது" என்று நீட்டினாள்.
என்ன எழுதினார், நான் பார்க்கவில்லை.
பேனா ரொம்ப நேரம் தாளில் நின்றது.
நகர்ந்தது கொஞ்சம்தான்.

இருபத்தேழாம் தேதி மூடுபனி.
ஒன்பது மணி வரை உட்கார்ந்தோம்.
புகைபோக்கியின் வாய் திறந்தபடி இருந்தது,
சொல்ல வந்ததை மறந்தவனின் வாய் போல.
கொசுக்களை யாரும் தின்னவில்லை, அவை எங்களைத் தின்றன.
மருந்துக்கடை ஒதில், இந்த வருடம்தான் சேர்ந்தவள்,
"எழுத ஒன்றும் இல்லையே" என்று எழுந்தாள்.

பசீல் சொன்னான்:
"கட்டத்தைக் காலியாக விட்டால் நாம் வரவில்லை என்று ஆகிவிடும்.
சுழி போட்டால்தான் அவை வரவில்லை."

லெயோன்ஸ் கை நீட்டிப் பேனாவை வாங்கினார்.
ஒரு மாதத்தில் முதல் தடவையாக அந்த வார் தளர்ந்த நாற்காலியில் சாய்ந்தார்.
வானம் அவர் முகத்தில் விழுந்தது,
பனி, கொஞ்சம் இருட்டு, வேறெதுவும் இல்லை.

அவர் போட்ட சுழி கட்டத்துக்குள் அடங்கவில்லை.
தேதியின் மேலும் காற்றின் மேலும் ஏறியிருந்தது.
சாம்பல் கதவுக்குள் தலையை விட்டு
அண்ணாந்து பார்த்தால்
அந்த அளவுக்குத்தான் தெரியுமாம்
வெளிச்சம்.