இப்படித்தான் தூங்கும்

குத்தாயிசி ரயில் நிலையத்துக்குப் பின்னால்
டாக்டர் நோதாரின் பல் ஆஸ்பத்திரி.
வரவேற்பு மேசையில் நான்.
எனக்கு எதிரே கண்ணாடிக்குள்
இருநூறு லிட்டர் தண்ணீர்.

காலை ஒன்பது பத்துக்கு முதல் ஆள் வருவார்.
"அம்மா, உங்கள் மீன் செத்துக் கிடக்கிறது."
எழுந்து பார்க்க மாட்டேன்.
ஆரஞ்சு உடம்பில் மூன்று கறுப்புப் பட்டை போட்ட அது
மரக்கட்டைக்கும் கண்ணாடிக்கும் நடுவே
ஒருக்களித்துச் செருகிக்கொண்டு தூங்கும்.
அதன் இனமே அப்படி.
ஒரே நாளில் ஏழு பேர் சாவு சொன்னார்கள்.
ஏழாமவர் தாடை வீங்கி, பேச வராமல்,
விரலால் சொன்னார்.

எழுதி ஒட்டினேன்:
சாகவில்லை. இப்படித்தான் தூங்கும்.

அதன் பிறகு நிம்மதி.

நாலு வருஷம் எதிரே உட்கார்ந்தவளுக்கு
அதன் வழக்கமெல்லாம் அத்துபடி.
விளக்கை அணைத்தால் நியான் மீன்கள் வெளுத்துப்போகும்,
போட்டால் கொஞ்ச நேரத்தில் நீலம் திரும்பும்.
உள்ளே டிரில் ஓய்ந்த இடைவெளியில்
பட்டைக்காரன் 'டிக்' என்று சொடுக்குவது கேட்கும்.
எப்போதாவது ஒரு தரம்
மணலில் விலாவை உரசிவிட்டுப் போகும்,
பெரியவர் அம்ப்ரோசி நாற்காலி முதுகில்
தன் முதுகைத் தேய்ப்பாரே, அதுபோல.
ஒரு தரம் என்றால் வெறும் அரிப்பு.

ஜனவரியில் ஒரு ராத்திரி மின்சாரம் போனது.
காலையில் தண்ணீர் பத்தொன்பது டிகிரி.
புத்தாண்டுக்கு டாக்டர் வாங்கி விட்ட
ஆறு புது மீன்கள் அதற்கு முன்பே உள்ளே.

ஒரு வாரம் கழித்து, திநிகோ.
எட்டு வயது. விழ மறுக்கும் ஒரு பால்பல்.
"அது கட்டையில் தேய்க்கிறது."
தலை தூக்காமல் காகிதத்தைக் காட்டினேன்.
"அது தூங்கவில்லையே.
பதினாலு தடவை தேய்த்தது. எண்ணினேன்."

எழுந்தேன்.
முட்டி போட்டுப் பார்த்தேன்.
துடுப்புகளை உடம்போடு ஒட்ட மடக்கி வைத்திருந்தது.
செவுள்கள்,
ஊசியைக் கண்டவர் நெஞ்சைப் போல அடித்துக்கொண்டன.
கறுப்புப் பட்டைகளின் மேல்
யாரோ உப்புத்தூள் சிந்தியிருந்தார்கள்.
ஆரஞ்சில் தெரியாதது கறுப்பில் தெரிந்தது.

அந்த வாரம் மட்டும் நாற்பது பேர்
இந்தக் கண்ணாடி முன் உட்கார்ந்திருந்தார்கள்.
பார்த்திருப்பார்கள்.
பார்த்துவிட்டு, படித்துவிட்டு,
சும்மா இருந்திருப்பார்கள்.
என் கையெழுத்து
நாற்பது வாய்க்கு மரமரப்பு ஊசி போட்டிருந்தது.

ஹீட்டரை மெல்ல மெல்ல ஏற்றி முப்பதில் நிறுத்தினோம்.
மருந்து பாதி அளவுதான்,
செதில் இருந்தும் இல்லாத தோல் அது, தாங்காது.
தினமும் மணலின் அழுக்கைக் குழாய் வைத்து உறிஞ்சினேன்.
டாக்டர் வெள்ளைக் கோட்டோடு வாளி சுமந்தார்,
கோட்டில் பச்சையாக ஒரு கறை, இன்னும் போகவில்லை.

நாலாம் நாள் ஒரு புள்ளி இல்லை.
அம்ப்ரோசி கை தட்டினார்.
நான் தட்டவில்லை.
உதிர்ந்த புள்ளி ஒழிந்த புள்ளி அல்ல.
மணலுக்கு இறங்கி
ஒன்று நூறாவதற்கு இடம் பார்க்கிறது.
வலி நின்ற அன்றே மாத்திரையை நிறுத்திவிட்டு
மறுவாரம் ஒரு பக்கத் தாடை பூசணியாகத்
திரும்பி வந்தவர்களுக்கு
இதே மேசையில்தான் சீட்டு எழுதியிருக்கிறேன்.
பெரியவரே, அதில் நீங்கள் இரண்டு முறை.

இன்னும் பத்து நாள்.
மருந்து, வாளி, குழாய்.
புது மீன்களில் இரண்டு போய்விட்டன.
அவற்றின் வழக்கம் என்னவென்று
தெரிந்துகொள்ள எனக்கு நேரமே தரவில்லை.

காகிதத்தைக் கிழித்துவிட்டேன்.
ஒட்டுநாடாவின் பசை மட்டும்
கண்ணாடியில் நாலு மூலையில் நிற்கிறது.

இன்று ஒன்பது பத்து.
தொப்பியைக் கையில் பிடித்தபடி ஒரு புது ஆள்.
"அம்மா, உங்கள் மீன்..."

"இருங்கள்," என்கிறேன்,
மேசையைச் சுற்றிக்கொண்டு வருகிறேன்,
"பார்த்துவிட்டுச் சொல்கிறேன்."