கடிக்கு முன்னால்

ஜூலை வெக்கையிலும் முழுக்கைச் சட்டை.
ஒருநாள் கை சுருண்டபோது
பாண் தொழிற்சாலையில் ஹெக்டர் கண்டுவிட்டான்.
நாய் வளர்க்கிறாயா என்றான்.
ஓம் என்றேன்.
அன்று முழுக்க
மா மூட்டை ஒவ்வொன்றும்
என் மகனின் எடையில் இருந்தது.

"இன்னும் கதைக்கேல்லையோ?"
ஸ்காபரோ கடைகளில்
மரவள்ளிக்கிழங்கு பொறுக்கியபடி கேட்பார்கள்.
யதுசனுக்கு ஏழு வயசு.
அவன் கதைத்துக்கொண்டுதான் இருந்தான்,
என் முழங்கைக்குக் கீழே,
பதினொரு இடத்தில்.

மரிசோல் செவ்வாயும் வெள்ளியும் வருவாள்.
சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் தரையில் இருந்தாள்.
ஒரு கொப்பி தந்தாள்.
கடித்ததை எழுதவேண்டாம்,
அது உங்கள் கையிலேயே இருக்கிறது.
கடிக்கு முன்னால் என்ன, அதை எழுதுங்கள்.

ஞாயிறு. மிக்சியில் சம்பல்.
திங்கள். தலைக்குத் தண்ணீர்.
திங்கள் மறுபடி. சொக்ஸின் தையல், பெருவிரலில்.
புதன். ஒன்றுமில்லை
என்று எழுதி, வெட்டி,
பக்கத்து வீட்டில் இலை ஊதும் மெஷின் என்று எழுதினேன்.
மூன்று வருஷமாய் இந்த வீட்டில் இருக்கிறேன்,
அந்தச் சத்தம் எனக்கு அன்றுதான் கேட்டது.

மஞ்சள் அட்டை. அதில் விரித்த கை.
கீழே நளாயினியின் உருண்டை எழுத்தில்: போதும்.
மரிசோலின் வாயில் அது 'போடும்'.
மிக்சியைப் போடுவோம், அவன் பல் தெரியும்,
பின்னாலிருந்து மரிசோல் அவன் விரல்களை
அட்டைக்கும், அட்டையை என் உள்ளங்கைக்கும் கொண்டுவருவாள்.
நான் நிறுத்தவேண்டும்.
அந்தக் கணமே.
'கொஞ்சம் பொறு ராசா' கிடையாது.
அன்று நாற்பது தரம்.
தேங்காய் பாதி அரைந்தபடி கிடந்தது.
இரவு பருப்பும் சோறும்.

வீட்டில் அது லேசு.

மார்க்கத்தில், மச்சாளின் மகளுடைய சாமத்தியவீடு.
நானூறு பேர், புகை கக்கும் மெஷின்,
தலைக்கு மேலே கமரா பறக்கிறது.
குடும்பப் படத்துக்கு வாங்கோ என்று கூப்பிடும்போது
அட்டை என் கையில்.
போனோம். சாப்பிடாமல்.
முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்:
"செல்லம் குடுத்துக் கெடுக்கினம்."
காருக்குள், மைனஸ் பதினெட்டில்,
ஹீட்டர் சூடாகும்வரை
அவன் சீட் பெல்ட்டை நக்கிக்கொண்டிருந்தான்.
நான் சட்டைக் கையை மடித்துப் பார்த்தேன்.
பழையவைதான்.

எல்லா நாளும் அப்படியில்லை. போன வியாழன்
அட்டை சோபாவுக்குள் போய்விட்டது.
பன்னிரண்டு.

நேற்று விடியப்புறம் மூன்று மணி.
பனி வழிக்கும் வண்டி தெருவைச் சுரண்டிக்கொண்டு வந்தது.
ஜன்னல் கண்ணாடியில் அட்டையை ஒட்டிப் பிடித்தபடி
அவன் நின்றான்.
மஞ்சள் விளக்கு முகத்தில் சுழன்று போனது.
வண்டி நிற்கவில்லை.
மறுபக்கம் வழிக்கத் திரும்பி வந்தது.
இன்னும் உயர்த்திக் காட்டினான்.
பிறகு என் பக்கம் திரும்பினான்.
என் கை தன்பாட்டில் சட்டைக்குள் இழுபட்டது.
அவன் அதை வெளியே எடுத்து,
விரித்து,
அட்டையை வைத்தான்.

நகரசபையை நான் எப்படி நிறுத்த?
திரையை இழுத்தேன். காதுமூடி கட்டிலுக்குக் கீழே கிடந்தது.
போர்வைக்குள் இருவரும்,
சத்தம் தெருமுனை திரும்பும்வரை.

விடிய, கொப்பியில்:
மூன்று மணி. பனி வழிக்கும் வண்டி.
கடி என்ற கட்டத்தில் ஒரு கோடு.

ஹெக்டரிடம் சொல்லவேண்டும்,
எங்கள் வீட்டில் நாய் இல்லை.