நான்கு, பூஜ்யம், இரண்டு

பிரேமர்ஹாஃபனில் நவம்பர்.
காற்று கதவைத் திறக்கவும் விடாது, மூடவும் விடாது.
துறைமுகம் பார்த்த மூன்றாம் மாடி அறையில்
பதினோரு விஞ்ஞானிகள், பதினோரு லேப்டாப்,
சுவரில் இரண்டே இரண்டு பிளக் பாயிண்ட்.

நான் டாக்டர் பட்டம் வாங்கியவன் இல்லை,
அறிமுகத்திலேயே சொல்லிவிட்டேன்.
கடலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம்
அது உப்பு.
ஆனால் கோப்புக்கு எப்படிப் பெயர் வைக்கக் கூடாது
என்று தெரியும்:
இறுதி, இறுதி இரண்டு,
இறுதி ஹென்னிங் திருத்தியது,
இதுதான் இறுதி.
யாரும் சிரிக்கவில்லை.
அவரவர் திரையைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார்கள்.

இம்கே ட்யார்க்ஸ் கடைசி வரிசை.
இருபத்தாறு வருடமாக வாரம் ஒருமுறை
படகில் போய் ஒரு வாளி கடல் எடுத்துவந்து
ஒரு துளியில் எத்தனை உயிர் என்று
நுண்ணோக்கியில் கண்ணால் எண்ணுகிறவர்.
அவர் புரோகிராம் நாலாயிரம் வரி, ஒரே கோப்பு.
எப்போதோ வந்துபோன மாணவன் எழுதியது.
நடுவில் ஒரு குறிப்பு:
'தொடாதீர்கள். ஏன் ஓடுகிறது என்று தெரியவில்லை.'

தொடுவோம், என்றேன்.
பயப்படுகிற இடத்தில்தான் முதல் டெஸ்ட்.
விடை தெரிந்த கேள்வியாகக் கேளுங்கள்,
விரல்விட்டுப் போடுகிற கணக்கு போதும்.
யோசித்தார்.
மூன்று வாரம் என்று வைத்துக்கொள்வோம்:
நான்கு, பூஜ்யம், இரண்டு.
சராசரி இரண்டு.

ஓடவிட்டார்.
சிவப்பு.
எதிர்பார்த்தது 2. வந்தது 3.

வகுப்பில் நூறு சிவப்பு பார்த்திருக்கிறேன்,
காற்புள்ளி விட்டது, அடைப்புக்குறி மூடாதது.
இது அந்த வகை இல்லையென்று
எனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிட்டது.
ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சமாவது வரியில்
பூஜ்யத்தையும் காலிக் கட்டத்தையும்
ஒன்றாகக் கூட்டித் தள்ளியிருந்தான் அந்த மாணவன்.

'எண்ணவில்லை என்பது வேறு,'
யாரிடமும் இல்லாமல் சொன்னார்,
'எண்ணினேன், ஒன்றும் இல்லை என்பது வேறு.'

ஒரு பிப்ரவரி நாளாம்.
வாளிக் கயிறு விறைத்து, விரல் மரத்து,
இருட்டும்வரை லென்ஸில் கண் வைத்தும்
துளி துளியாய் வெறும் தண்ணீர்.
நோட்டில் ஒரு வட்டம் போட்டார்.
நம்பாமல் மறுபடி எண்ணி
அதே வட்டத்தின் மேல் இன்னொரு வட்டம்.
அதைத்தான் இந்தப் புரோகிராம்
விடுமுறை என்று எடுத்துக்கொண்டிருக்கிறது.
இப்படி எத்தனை வட்டம்.
அச்சான ஒவ்வொரு வரைபடத்திலும் கடல்
இருந்ததைவிடக் கொஞ்சம்
நிறைந்தே இருந்திருக்கிறது.

என் அட்டவணைப்படி பதினொன்றேகாலுக்குக் கிளைகள்.
கிளைகளைச் சொல்லிக்கொடுத்தேன்.
பத்துப் பேர் காத்திருந்தார்கள்.
இதற்கு என்ன சொல்வதென்று
என் ஸ்லைடுகளில் இல்லை.

காபிக்கு எழுந்திருக்கவில்லை அவர்.
'இந்தக் கிட்டில்
பழையதை அடியோடு அழிக்க முடியுமா?'
முடியும், என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.
நாளை மதியப் பாடம் அதுதான்.
ஜன்னலுக்கு வெளியே ஒரு கடற்காகம்
காற்றை எதிர்த்துப் பறந்து
இருந்த இடத்திலேயே இருந்தது.
'நாளை மதியம் நான் வர மாட்டேன்,' என்றார்.

திருத்தியது ஒரே வரி.
என்ன மாற்றினீர்கள் என்று கேட்டது திரை.
பூஜ்யங்களைத் திரும்பச் சேர்த்தேன்,
என்று அடித்தார்.
ஏன் என்பதையும் எழுதச் சொல்லியிருந்தேன் காலையில்.
வெகுநேரம் விரல் அசையவில்லை. பிறகு:
அந்த நாட்களிலும் கடலுக்குப் போயிருந்தோம்.

போனை எடுத்துக்கொண்டு நடைக்கூடத்துக்குப் போனார்.
கண்ணாடிக்கு அப்பால் உதடு அசைவது தெரிந்தது,
நெடுநேரம் கேட்டுக்கொண்டிருப்பது தெரிந்தது.

மாலையில் கருத்துப் படிவங்கள்.
வேகம் அதிகம். பிளக் போதாது. காபி மோசம்.
எவ்வளவு பயன், பூஜ்யம் முதல் ஐந்து வரை
என்ற கேள்விக்கு
ஒரு படிவத்தில் கட்டம் காலி.
சராசரி போட உட்கார்ந்தவன்
பேனாவை மூடிவைத்தேன்.