4,117ஆம் சுழற்சிக்கான விளக்கம்

எர்மெக் அவர்களுக்கு,
ஏழாம் எட்டாம் தகடுகளின் வரைபடம்
ஏன் இப்படி என்று கேட்டிருந்தீர்கள்.
சென்சார் கோளாறு அல்ல.
நான்தான்.

படிவத்தில் விளக்கத்துக்கு இரண்டே வரி.
பின்பக்கத்திலும் எழுதுகிறேன்.

பன்னிரண்டு பாலிமர் தகடுகள், துவைசோப்பு நிறம்.
சூடேற்றினால் உள்ளே உருகும்,
வெளியே ஒரு சொட்டும் கசியாது.
ஆறவிட்டால் இறுகி, வாங்கியதைத் தரும்.
பத்தாயிரம் முறை தாங்கினால்
வீட்டுத் தரைகளுக்கு அடியில் பதிக்கலாம்.
அதுவரை எண்ணுவது என் சம்பளம்.

முப்பத்தாறு டிகிரியில் கோடு படுத்துக்கொள்ளும்.
சூடு போய்க்கொண்டே இருக்கும், எண் நகராது.
புதிதில், கருவி செத்துவிட்டதென்று தட்டிப் பார்த்தேன்.
உள்ளுறை வெப்பம் என்றீர்கள்.
வாங்கியதை முகத்தில் காட்டாதது.
விவாகரத்தான வருடம் கேன்டீனில்
என்னைப் பற்றியும் ஏறக்குறைய இதையே
பேசிக்கொண்டார்களாம்.

செவ்வாய் இரவு இரண்டு பத்து.
கரகண்டா முழுக்க மைனஸ் முப்பத்தொன்று.
அனல் நிலையத்துக் குழாய் எங்கோ வெடித்தது,
ரேடியேட்டர் ஒருமுறை இருமி நின்றது,
மின்சாரமும் கூடவே போனது.
பதிவுக் கருவி மட்டும் பேட்டரியில் கண்சிமிட்டியது.

துப்புரவுக்கு வரும் ஸெய்னெப்
தன் நான்கு மாதப் பெண்ணை
வாளிகள் வைக்கும் அறையில் தூங்கவைப்பாள்.
உங்களுக்குத் தெரியாது.
இப்போது தெரிந்துவிட்டது, மறந்துவிடுங்கள்.

தகடுகள் பன்னிரண்டும் அப்போதுதான்
முழுதாக உருகியிருந்தன.
இரண்டை உருவினேன், துண்டில் சுற்றினேன்,
குழந்தையின் இருபக்கமும் செருகி
என் கோட்டுக்குள் பொத்திக்கொண்டேன்.
சென்சார் கம்பியைக் கழற்றத் தோன்றவில்லை.

ஆகவே நீங்கள் பார்ப்பது:
2:26, பள்ளம். கதவைத் திறந்தது.
பிறகு நீளமாக, ஆடாமல், ஒரு கோடு.
4:05, சின்ன மேடு.
அவள் நனைத்துவிட்டாள்.
5:50க்குக் கோடு சரிகிறது.
6:12க்கு ரேடியேட்டரில் தண்ணீர் ஓடும் சத்தம்.
இடையில் இருபத்திரண்டு நிமிடம்
எங்கள் மூவரின் உடம்புச் சூடு மட்டும்.
அதற்கு வரைபடம் இல்லை.

தகடுகளைத் துடைத்து எடை போட்டேன்.
குறைவு, பூஜ்யம். விரிசல் இல்லை.
விதிப்படி அந்தச் சுழற்சி செல்லாது.
மறுபடி ஓட்டிவிட்டேன்.
பழைய வரியை அடித்திருக்கிறேன்,
பென்சிலால்.

ஆய்வகத் துண்டு ஒன்று கணக்கில் குறையும்.
அதற்கும் இதுவே விளக்கம்.

குல்யாஷ்,
இரவுப் பணி.